ஒரு பழைய சாரம் அனுப்பி வைக்கவும்

தாராவி, மும்பை – 17.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு.

மரியாதைக்குரிய சம்பந்தி, கடையநல்லூர் ஜனாப் ஷாகுல் ஹமீது அவர்களின் சமூகத்துக்கு மன்சூர் அலி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்களுக்கும் சம்பந்தியம்மா அக்தர் பானு அவர்களுக்கும் அல்லாஹ் நிறைந்த ஆயுளையும், தங்கள் முழங்கால் முட்டுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் சுகத்தையும் தரட்டும். இங்கே நானும் மதீனா பீவியும் நலம். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், நெருளில் என் மகன் ராஹிலும் தங்கள் மகள் ஃபர்ஸானாவும் நலம். நம் இருவருக்கும் ஒரே பேத்தியான ஜோயா மட்டும் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. அதற்குக் காரணம் யார் என்று தங்களுக்கு வேறு வழியாகச் செய்தி வந்திருக்கலாம். என் வழியாகவும் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். காரணம் நான் அல்ல. கடிதத்தைப் படித்து முடிக்கும்போது தங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் முதல் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தாங்கள் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறீர்கள். நான் ஒரு சலாம் சொன்னால் ஏழு பேர் பதில் சலாம் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால் அது குடும்ப குரூப்புக்குப் போய்விடுகிறது. அதில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களில் முப்பது பேரை எனக்கு யார் என்றே தெரியாது. போன மாதம் தாங்களே என்னைக் கூப்பிட்டீர்கள். அப்போது என் தையல் கார்கானாவில் மூன்று ஓவர்லாக் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. தாங்கள் சொன்னதில் முதலில் சலாமும் கடைசியில் "கண்டிப்பா" என்பதும்தான் காதில் விழுந்தன. நடுவில் ஏதோ நல்ல விஷயமாகத்தான் இருக்கும் என்று இன்ஷா அல்லாஹ் சொல்லி வைத்துவிட்டேன். அதனால் போன் வேண்டாம். தமிழில் எழுதினால் என் மகனுக்குப் படிக்கத் தெரியாது, எட்டு வயதில் இங்கே வந்தவன், அங்கே படித்த மூன்று வகுப்புத் தமிழும் இங்கிலீஷ் ஸ்கூலில் கரைந்துவிட்டது. தங்கள் மகளுக்குப் படிக்கத் தெரியும். அதனால்தான் வீட்டில் வைத்து எழுதாமல் கார்கானாவில், கட்டிங் மேசையில் வைத்து எழுதுகிறேன். தாளில் சாக்கட்டித் தூள் இருந்தால் தட்டிவிட்டுப் படிக்கவும்.

தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன். நான் இருபத்தேழு வருடமாகப் பிள்ளைகளுக்கான நைட் சூட் தைக்கிறவன். பிள்ளைகளுக்கான நைட் சூட் மட்டும்தான். சட்டை தைக்கச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் சரக்கு தாதர் கடைகளுக்கும் போகிறது, பெரிய கம்பெனிகளின் பெயரை ஒட்டிக்கொண்டு கப்பலிலும் போகிறது. ராஹிலுக்குப் பெண் பார்க்க நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்தபோது, பிரியாணிக்குப் பிறகு, "என் பேரப்பிள்ளைகள் ஒரு நாளும் கடையில் பைஜாமா வாங்க வேண்டி வராது" என்று நான் சொன்னதும், தாங்கள் சிரித்துக்கொண்டே "அது போதுமே" என்றதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தங்களுக்கும் ஞாபகம் இருக்குமோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.

ஜோயாவுக்குப் போன மாதம் இரண்டரை வயது முடிந்தது. பிள்ளைக்கு எதைப் போட்டாலும் குத்துகிறது. கழுத்தைப் பிடித்து இழுக்கிறாள், இடுப்பைச் சொறிகிறாள், "சுப்தா, சுப்தா", குத்துது குத்துது என்று ஹிந்தியில் அழுகிறாள். பகல் ஒரு மணிக்குப் படுக்கப் போட்டால் மூன்று மணி வரை பைஜாமாவோடு சண்டை போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறாள். தங்கள் மகள் இதற்கு முதலில் என்னைக் கேட்டிருக்க வேண்டும். அவள் கூகுளைக் கேட்டாள். அது மூங்கில் நாரில் நெய்த பைஜாமா என்று ஒன்றைக் காட்டியது. மூங்கிலில் ஏணி செய்வார்கள், பந்தல் போடுவார்கள், பிள்ளைக்கு உடுப்பு எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். "ரொம்ப சாஃப்ட் மாமா" என்றாள். வந்து சேர்ந்தது. கால்பாதம் வரை மூடி, கீழே இருந்து தாடை வரை ஜிப். இது கோடைக்காலம், சம்பந்தி. நெருளில் பனி கொட்டுவதாக அந்தக் கம்பெனிக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு வழவழத் தரையில் இரண்டடி வைத்துச் சறுக்கி விழுந்தது. அடுத்து டைனோசர் படம் போட்ட ஒன்று. படம் ரப்பரில் அச்சடித்தது, வேர்வையில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது பிள்ளை ஊரைக் கூட்டியது. அதன் பிறகு நானும் ராஹிலும் தாதர் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தோம். நல்லதாக ஒன்று கேட்டால், கடைக்காரன் என் சரக்கையே எடுத்து என்னிடம் நீட்டி, இது எக்ஸ்போர்ட் என்றான். நான் தைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ராஹில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

சரி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கார்கானாவிலிருந்து ஆறு பீஸ் எடுத்துக்கொண்டு நான் நெருளுக்குப் போனேன். ஆறும் செக்கிங்கில் முதல் தரம். ஜோயா ஒன்றன்பின் ஒன்றாக ஆறையும் போட்டு ஆறையும் கழற்றினாள். கடைசியைக் கழற்றி என் மடியிலேயே வைத்துவிட்டு, "தாதா, நீ பஹனோ" என்றாள். தாத்தா, நீயே போட்டுக்கொள் என்று அர்த்தம். ஃபர்ஸானா சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போனாள். போனவள் அங்கிருந்தே தங்கள் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஏனென்றால் பத்து நாளில் தங்களிடமிருந்து பார்சல் வந்தது. மாசித்தூள், நார்த்தங்காய் ஊறுகாய், பனங்கற்கண்டு, இவற்றுக்கு நடுவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பைஜாமா.

அது தங்கள் பழைய சாரம். இங்கே லுங்கி என்றால்தான் புரியும், நமக்குள் சாரம் என்றே எழுதுகிறேன். ஊதாக் கட்டம் போட்ட அந்தச் சாரத்தைத் தாங்கள் எத்தனை வருடம் உடுத்தினீர்களோ, கட்டமே வெளிறிப் போயிருந்தது. சம்பந்தியம்மா அதைக் கிழித்துக் கையாலேயே தைத்திருந்தார்கள். இடுப்புக்கு எலாஸ்டிக் இல்லை, அதே துணியில் அகலமாக ஒரு நாடா. லேபிள் இல்லை. சைஸ் இல்லை. ஜோயா அதைப் போட்டாள், சோபாவில் ஏறினாள், வாயில் விரலை வைத்தாள், மூன்று மணி நேரம் தூங்கினாள். ஃபர்ஸானா போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். நாற்பத்து மூன்று பேரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். நானும் போட்டேன். பிறகு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

சம்பந்தி, அந்தப் பைஜாமாவில் தையல் அத்தனையும் வெளியே இருந்தது. காலின் பக்கத் தையல், நடுத் தையல், கீழே மடித்த ஓரம், எல்லாம் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன. உள்ளே இருக்க வேண்டியது வெளியே. எங்கள் தொழிலில் அப்படி ஒரு பீஸ் வந்தால் தைத்தவனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் காட்டுவோம். சம்பந்தியம்மாவுக்குக் கண் சரியில்லை, உள்புறம் வெளிப்புறம் பார்க்காமல் மாற்றித் தைத்துவிட்டார்கள், யாரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நைட் சூட் மன்சூரின் பேத்தி நெருளில் இருபத்தோரு மாடிக் கட்டடத்தில் உல்டா பைஜாமா போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்குகிறாள் என்றால் அந்தக் கட்டடத்தில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

போன வெள்ளிக்கிழமை நெருளுக்குப் போனேன். பால்கனிக் கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தது. ஃபர்ஸானா பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திருட்டு என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம், ரிப்பேருக்கு எடுத்துப் போனேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, நல்லபடியாகச் செய்து கொண்டுவந்து கொடுத்துப் பெயர் வாங்கலாம் என்று ஓர் ஆசை. அன்று மாலை தங்கள் மகள், ஏழாவது மாடியிலிருந்து காற்றில் விழுந்துவிட்டது என்று நினைத்து, வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு செடிக்குள்ளும் கார்களுக்கு அடியிலும் தேடியிருக்கிறாள். நான் அந்த நேரம் குர்லாவில் வண்டி மாறிக்கொண்டிருந்தேன். மடியில் பை. பைக்குள் தங்கள் சாரம்.

கார்கானாவில் என் கட்டிங் மாஸ்டர் தாஹிர் அதை விரித்துப் பார்த்தான். பதினாறு வருடமாக என்னோடு இருப்பவன், நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன். அன்றைக்கு மட்டும் ஆட்டவில்லை.

"பாய், இது நைஞ்ச துணி. மெஷினு தாங்காது. பிள்ள தூங்குதுன்னா விட்ருங்களேன்."

"தப்பா தச்சிருக்குடா."

"தப்பா தச்சதுலதான தூங்குது."

நீ உன் வேலையைப் பார் என்று சொன்னேன். அவன் போய்ப் பார்த்தான். நானே உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா போட்ட ஒவ்வொரு தையலையும் பிரித்தேன். நெருக்கமான தையல், பிரிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு ஆணியில் தொங்கும் அட்டையை எடுத்தேன். இரண்டு முதல் மூன்று வயது என்று போட்ட அட்டை. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனி கொடுத்தது, அதை வைத்துத்தான் லட்சக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். அதைத் துணிமேல் வைத்தால் துணி சுற்றிலும் நாலு விரல் வெளியே நின்றது. பார்த்தாயா, அளவும் தப்பு என்று தாஹிரிடம் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. வெளியே நின்றதையெல்லாம் வெட்டித் தள்ளினேன். ஓவர்லாக் போட்டேன். இடுப்புக்கு எலாஸ்டிக். கழுத்தில் வைக்கச் சட்டை இல்லாததால் லேபிளை இடுப்பிலேயே வைத்தேன். அயர்ன் செய்து, உள்ளே அட்டை வைத்து மடித்து, பாலிதீன் கவரில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் ஃபர்ஸானா கையில் கொடுத்தேன்.

அவள் கவரைப் பிரித்து, தையல் எங்கே போயிற்று என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜோயாதான் ஓடிவந்து பிடுங்கினாள். இரண்டு நாளாகத் தேடிய துணி, கட்டத்தைப் பார்த்ததும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். போட்டுவிட்டோம். தொடையிலேயே நின்றது. இழுத்து ஏற்றினோம். எலாஸ்டிக் பட்ட இடத்தைச் சொறிந்தாள், லேபிளைப் பிடித்து இழுத்தாள். பிறகு குனிந்து துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே அதைக் கழற்றி மறுபடியும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதே துணிதான், ஆனால் அது இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. 

ஃபர்ஸானா அப்போதுதான் சொன்னாள். "உம்மா தெரிஞ்சுதான் மாமா தையல வெளிய வச்சாவ. பிள்ள மேலுல படக் கூடாதுன்னு." அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். அவள் அந்தப் பைஜாமாவை மடித்து, நான் கொண்டுவந்த கவரிலேயே போட்டு, என் பைக்குள் வைத்துவிட்டாள்.

இருபத்தேழு வருடமாக நான் வெளிப்பக்கத்தை வழவழவென்று முடித்து, முரட்டுத் தையலையெல்லாம் உள்ளே தள்ளி அனுப்பியிருக்கிறேன். செக்கிங்குக்கு வருகிறவன் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறான், கடைக்காரனும் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறான். பிள்ளை உள்பக்கத்தில் இருக்கிறது. இது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. மெஷின் மிதித்தே பழகாத ஒரு பெண்ணுக்குக் கடையநல்லூரில் உட்கார்ந்தபடியே தோன்றியிருக்கிறது. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். என்னை ஸ்டேஷனில் விட ராஹில் வந்தான். அளவு அட்டைப்படி சரிதான், அந்த அட்டை தப்பே செய்யாது, இந்தப் பிள்ளைதான் வயதுக்கு மீறி வளர்ந்திருக்கிறது என்று நான் அவனிடம் விளக்கிக்கொண்டு வந்தேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"வாப்பா, சின்ன வயசுல நீங்க ஊருக்குக் கொண்டு வர்ற ட்ரெஸ் எல்லாம் எனக்கு எப்பவுமே ஒரு வருஷம் சின்னது. தெரியுமா?"

"அப்ப ஏன்டா சொல்லல?"

"உம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாவ. நீங்க இருக்குற பத்து நாளும் அதையே போட்டுட்டுத் திரிவேன். நீங்க வண்டி ஏறுன உடனே உம்மா கழட்டிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருவாவ. சோடியே, விடுங்க வாப்பா, பழைய கதை."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பெருநாளைக்கு ஒரு தடவை, வருடத்தில் பத்து நாள், நான் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. போகும்போதெல்லாம் என் கையால் வெட்டித் தைத்து எடுத்துப் போனேன். போன வருடம் பார்த்த பிள்ளைக்குத் தைத்திருக்கிறேன். அது என்னை வாசலில் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைந்திருக்கிறது. இதை மதீனா பீவியிடம் கேட்டேன். "ஆமா, அதுக்கென்ன இப்பம்" என்றாள். இத்தனை வருடம் ஒரு விஷயத்தை என்னிடமிருந்து மறைத்தவள், அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். வேறு பழைய சாரத்தில் அதே மாதிரி தைத்துக் கொடுத்துவிடலாம் என்று என் பீரோவைத் திறந்தேன். எட்டுச் சாரம் இருந்தது. எட்டும் பெருநாளுக்கு யார் யாரோ கொடுத்தவை, மடிப்புக் கலையாமல், ஸ்டிக்கரோடு, அட்டை போல விறைத்துக்கொண்டிருந்தன. ஒன்றை எட்டுத் தடவை துவைத்துப் பார்த்தேன், சாயம்தான் போயிற்று, விறைப்புப் போகவில்லை. தாஹிர் தன்னுடையதைக் கொண்டுவந்தான், அது பாலியஸ்டர். தாராவியில் இத்தனை ஆண்கள் இருக்கிறோம், ஒருவனிடமும் நைந்த காட்டன் சாரம் இல்லை. எல்லோரும் பேண்ட் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருக்கிறோம். நான் புலம்பியதைக் கேட்டு மதீனா பீவி சொன்னாள்: "சாரம் துவைக்கிறதுல நையாது. உடுத்தி வீட்டுல இருந்தாத்தான் நையும். நீங்க என்னைக்கு வீட்டுல இருந்திய?"

தாங்கள் இருந்தீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை, சம்பந்தி. நாம் இரண்டு பேரும் ஒரே வயது. எனக்குக் கீழே இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தாங்கள் ஒரு சின்ன அரிசிக் கடையை மத்தியானம் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாரத்தை உடுத்தி உட்கார்ந்தீர்கள். தங்களைச் சோம்பேறி என்று நான் இங்கே இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொல்லித் தங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. இன்றைக்கு என் பேத்திக்குத் தங்கள் சோம்பலில்தான் தூக்கம் வருகிறது.

இனி முக்கியமான விஷயம். புதன்கிழமை நெருளுக்குப் போன மதீனா பீவி, ஃபர்ஸானா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்குவதைப் பார்த்திருக்கிறாள். பதினான்காம் தேதி திருநெல்வேலி வண்டிக்கு டிக்கெட் போட்டாயிற்றாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன், "அவகிட்ட கேளுங்க" என்கிறாள். என் வீட்டிலும் ஒரு பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள், மருமகளுக்குக் கொடுக்கத்தான் இருக்கும். பிள்ளை தூங்குகிற வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள் தங்கள் மகள். தப்பு என்று எப்படிச் சொல்வேன். ஆனால் நான் இருபத்தேழு வருடத்தில் கார்கானாவை அரை நாள் அடைக்க ஆரம்பித்ததே ஜோயா பிறந்த பிறகுதான். ஜும்ஆ முடிந்து வண்டி பிடித்து மூன்று மணிக்குப் பெல் அடித்தால், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தாதா ஆ கயா", தாத்தா வந்தாச்சு என்று சத்தம் வரும். எனக்கு இருப்பது அது ஒன்றுதான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி நாலாகிறது. நான் போகவில்லை. போய் என்ன முகத்தைக் காட்டுவது.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: பதினான்காம் தேதிக்குள் ஒரு பழைய சாரம் அனுப்பி வைக்கவும். குறைந்தது ஐந்து வருடம் உடுத்தியதாக இருக்கட்டும். கஞ்சி போட வேண்டாம், அயர்ன் செய்ய வேண்டாம். சம்பந்திக்குப் பழைய துணி கொடுப்பது மரியாதை இல்லை என்று தாங்கள் ஒரு டஜன் புதுச் சாரத்தைப் பெட்டியில் வைத்து அனுப்புவீர்கள், தங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து புதிது வேண்டாம். அந்த மரியாதையிலிருந்து தங்களை இந்தக் கடிதத்தின் மூலம் விடுவிக்கிறேன். சம்பந்தியம்மாவே தைக்கட்டும், தையல் வெளியிலேயே இருக்கட்டும். நெருள் முகவரிக்கே அனுப்பவும். என் கைக்கு வர வேண்டாம், வந்தால் கை சும்மா இருக்காது. பிள்ளை இங்கேயே தூங்கிவிட்டால் ஃபர்ஸானா பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுவாள் என்று நம்புகிறேன். இனிமேல் அந்தப் பிள்ளைக்கு ஒரு கைக்குட்டைகூட நான் தைக்க மாட்டேன். இது அல்லாஹ்வின் மேல் ஆணையாக அல்ல, ஆணையிட்டால் நிறைவேற்ற வேண்டும், ஆனால் ஏறக்குறைய அப்படித்தான்.

தங்கள் முட்டுக்கும் சம்பந்தியம்மாவின் கண்ணுக்கும் துஆ செய்கிறேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் செய்கிறேன். சின்னவர்களுக்கு ஆசி, பெரியவர்களுக்கு சலாம், ஸ்பீக்கரைச் சுற்றி உட்காரும் ஏழு பேருக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மன்சூர் அலி.

பின்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை. தபாலில் சேர்க்கவில்லை, நல்லதாயிற்று. மேலே எழுதியதில் பெரும்பகுதியை அடித்துவிடவும்.

நேற்று தங்கள் பார்சல் நெருளுக்கு வந்துவிட்டது. பைஜாமா காணாமல் போன அன்றைக்கே ஃபர்ஸானா தன் உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், சம்பந்தியம்மா மறுநாளே இன்னொரு சாரத்தைக் கிழித்திருக்கிறார்கள். போட்டோ வந்தது. பிள்ளை ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கால் வலது காலைவிடக் கட்டை விரல் அகலம் நீளமாக இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை, தங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைதான் தூங்கிவிட்டதே, டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமே என்று ராஹிலைக் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனை நீட்டினான். டிக்கெட் தை மாதமே போட்டது. தங்கள் இளைய மகன் நிக்காஹுக்கு. தாங்கள் போன மாதம் எனக்குப் போனில் சொன்னது அதுதான். பத்திரிகை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு வாரமாக ஒட்டியிருக்கிறது, என் பெயருக்கு. டிக்கெட்டில் ஐந்து பெயர் இருந்தது, நாலாவது மதீனா, ஐந்தாவது நான். வெயிலில் காய்ந்த பெட்டி எங்கள் பெட்டி. "நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும் வாப்பா, எதுக்கும் போட்டு வச்சேன்" என்றான் ராஹில். ஏன் வர மாட்டேன் என்று கேட்கலாம் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

வருகிறேன். பத்து நாள் இருப்பேன், சாவியைத் தாஹிரிடம் கொடுத்தாயிற்று. புதுச் சாரம் வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதையும் அடித்துவிடவும். வீட்டுக்கு வருகிற சம்பந்திக்கு வைக்கிற மாதிரி எனக்கு ஒரு புதுச் சாரம் எடுத்து வையுங்கள். நல்ல காட்டனாக இருக்கட்டும். அங்கேயே உடுத்தி உட்கார்ந்து ஆரம்பிக்கிறேன், மீதியை இங்கே வந்து தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். ஒரு சாரம் நையக் குறைந்தது இரண்டு வருடம் ஆகும் என்கிறாள் மதீனா. அப்போது ஜோயாவுக்கு நாலரை வயது. பழைய அட்டையை ஆணியிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வெட்டி மாட்டியிருக்கிறேன். ஐந்து வயதுக்கு வெட்டியிருக்கிறேன்.